வாசகர் கேள்வி – பதில்: தாய்லாந்தின் பாட்டும் பாடகர்களும்

சென்ற இதழில், 'பிளாக்பிங்க்' குழுவின் லிசா தாய்லாந்தின் புரிராம் மாகாணத்தில் பிறந்தவர் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் தாய்லாந்து இசையைப் பற்றிப் பல திசைகளில் கேள்வி எழுப்பியிருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்துள்ளேன்.

லிசா பாடுவது கொரியப் பாப் இசை. தாய்லாந்துக்கென்று சொந்தமாக ஒரு வெகுசன இசை இருக்கிறதா, அல்லது எல்லாமே கொரிய, ஆங்கிலப் பாட்டுகளின் சாயல்தானா? (வாசகி, கோயம்புத்தூர்)

நிச்சயமாக இருக்கிறது. கொரியப் பாட்டு உலகத்தின் காதில் விழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தாய்லாந்தின் வயல்வெளிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பல்லாயிரம் பேரை இரவு முழுவதும் உட்கார வைத்த இசை அது. வெளிநாட்டு வாத்தியங்களையும் தாளங்களையும் அது தாராளமாக எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் பாடும் குரலையும், பாட்டின் பொருளையும், கேட்கும் மக்களையும் அது வெளியே தேடவில்லை.

லிசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் அவர் பிறந்த புரிராம், 'ஈசான்' என்று அழைக்கப்படும் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. தாய்லாந்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழும் அந்தப் பகுதிதான் நாட்டின் பெரும்பாலான கூலித் தொழிலாளர்களையும் டாக்சி ஓட்டுநர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் பாங்காக்குக்கு அனுப்பி வைக்கிறது. கூடவே தன் பாட்டையும் அனுப்பி வைத்தது. 2021-இல் தன் முதல் தனிப்பாடலின் காணொளியில் பாரம்பரியத் தலையணி அணிந்து, பழைய கெமர் கோயிலை நினைவூட்டும் அரங்கின் முன் லிசா நின்றபோது, ஈசான் மக்கள் அதைத் தங்கள் ஊரின் வெற்றியாகவே கொண்டாடினார்கள். தலைநகரம் நெடுங்காலம் ஏளனமாகப் பார்த்த ஒரு நாட்டுப்புறத்தின் பாட்டு எப்படி அந்த நாட்டின் பொதுப் பாட்டாக மாறியது என்பதே தாய்லாந்து வெகுசன இசையின் கதை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்திருப்பதை நீங்கள் காண்பீர்கள்.

'லூக் துங்', 'லூக் குருங்' என்று இரண்டு வகை சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு? (வாசகர், திருச்சி)

முதலாவது கிராமத்துப் பாட்டு, இரண்டாவது நகரத்துப் பாட்டு என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும்.

1930-களின் இறுதியில் தாய்லாந்து அரசு நாட்டை நவீனமாக்கப் புறப்பட்டபோது, உடை முதல் நடனம் வரை எல்லாவற்றையும் மேற்கத்திய முறையில் திருத்தி அமைக்க முயன்றது. அந்தச் சூழலில் 1939-இல் அரசு விளம்பரத் துறையின் இசைக்குழுவாக உருவானது, வயலின் கலைஞர் உவா சுன்தோன்சனான் தலைமையிலான குழு. 'சுந்தராபோன்' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. டாங்கோ, ஃபாக்ஸ்டிராட் போன்ற நடனத் தாளங்களில், மென்மையான குரலில், செம்மையான மொழியில் அமைந்த பாட்டுகள் அவர்களுடையவை. ஆண்டுதோறும் நீரில் விளக்குகளை மிதக்கவிடும் லோய் கிரதோங் திருநாளில் நாடெங்கும் ஒலிக்கும் பாட்டை 1955-இல் அமைத்தவரும் உவாவே. அவருடைய பிறப்பின் நூற்றாண்டை யுனெஸ்கோ சிறப்பித்தது. நகரத்துப் பாட்டின் ஊற்றுக்கண் அந்தக் குழுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், இதே ஊதுகருவிகளையும் அக்கார்டியனையும் வைத்துக்கொண்டு, உழவரின் கடனையும் வண்டிக்காரரின் காதலையும் பட்டாளத்துக்குப் போனவனின் ஏக்கத்தையும் பாடும் இன்னொரு கூட்டம் எழுந்தது. அவர்கள் குரலை மென்மையாக்கவில்லை. நாட்டுப்புறப் பாடகர்களைப் போலத் திறந்த தொண்டையில், அசைகளை நெளித்து, நடுங்க விட்டுப் பாடினார்கள். 1964-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த வகைக்கு 'லூக் துங்' என்ற பெயரைச் சூட்டியது. வயல்வெளியின் பிள்ளைகள் என்று பொருள். பிறகு எதிரிணையாக மற்றதற்கு நகரத்துப் பிள்ளைகள் என்ற பெயர் நிலைத்தது.

'லூக் துங்' அரசர் என்று போற்றப்பட்ட சுரபோன் சோம்பத்சரேன் 1930-இல் சுபன்புரி மாகாணத்தில் பிறந்தவர். விமானப்படையின் இசைக்குழுவில் இருந்தவர். தொடக்கத்தில் சுழல் நடனத்துக்கான 'ராம்வோங்' பாட்டுகளால் பெயர் பெற்று, பின் தன் கதையையே சொல்லும் பாட்டுகளுக்கு வந்தார். பதினாறு ஆண்டு மண வாழ்வின் கசப்பைப் பாடும் அவருடைய கடைசிப் பெரும் வெற்றிப் பாடல் இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. 1968 ஆகஸ்ட் 16 அன்று, நகோன்பதோம் மாகாணத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து புறப்படும் வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறக்கும்போது வயது 37.

தாய்லாந்தில் ஒரு பாடகிக்குச் சிலை வைத்து வழிபடுகிறார்கள் என்று படித்தேன். இது உண்மையா? அவர் யார்? (வாசகி, தஞ்சாவூர்)

உண்மைதான். அவர் பெயர் பும்புவாங் துவாங்சான். வழிபாட்டை விட அவருடைய வாழ்க்கை வியப்பானது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

1961-இல் சைநாட் மாகாணத்தில் பிறந்து, சுபன்புரியின் கரும்பு வயல்களில் வளர்ந்தவர். ஏழைக் குடும்பம், பள்ளியில் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை, கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போனார். எழுத்து கைவரவில்லை. ஆகவே பாடல் வரிகளை ஒருவர் வாசிக்க வாசிக்கக் காதால் வாங்கி, மனத்தில் பதித்துக்கொள்வதே அவர் கடைசி வரை பின்பற்றிய முறை. நூற்றுக்கணக்கான பாடல்களை இப்படிச் செவிவழியே கற்று, ஒரு அசை பிசகாமல் பதிவு செய்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பதின்ம வயதில் வைபோட் பெட்சுபன் என்ற மூத்த பாடகரின் குழுவில் சேர்ந்து, கோரஸ் பாடி, ஆடி, படிப்படியாக மேடையின் நடுவுக்கு வந்தார்.

1980-களில் பாடலாசிரியர் லோப் புரிராட் எழுதிய பாடல்களுடன் அவர் 'லூக் துங்' இசையின் திசையையே மாற்றினார். முன்பெல்லாம் பெண் பாடகி என்றால் சோகமாக நின்று பாட வேண்டும். பும்புவாங் டிஸ்கோத் தாளத்தையும் மின்னணு வாத்தியங்களையும் கொண்டுவந்து, பளபளக்கும் உடையில் ஆடிக்கொண்டே, காதலனைச் சீண்டுகிற, கேலி பேசுகிற, தன் ஆசையைத் தானே சொல்கிற பெண்ணாகப் பாடினார். அதே குரலில், வயலை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த கிராமத்துப் பாடகியின் கதையைப் பாடும்போது, அந்தக் கதையில் தன்னைக் காணாத தொழிற்சாலைப் பெண் தாய்லாந்தில் இருந்திருக்க மாட்டாள். 'நக் ரோங் பான் நோக்' என்ற அந்தப் பாடலை அவசியம் கேளுங்கள். உச்சத்தில் குரல் உடைவது போலத் தோன்றி உடையாமல் திரும்பும் இடம் ஒன்று வரும், அங்கே அவருடைய முழு ஆற்றலும் தெரியும்.

சம்பாதித்த பணம் அவர் கையில் தங்கவில்லை. லூபஸ் நோயால் உடல் தளர்ந்து, 1992 ஜூன் 13 அன்று, 31 வயது நிறையும் முன்பே பிட்சனுலோக்கில் இறந்தார். சுபன்புரியின் வாட் தப் கிரதான் விகாரையில் நடந்த தகனத்துக்கு இளவரசி சிரின்தோன் நேரில் வந்தார். கூடிய மக்கள் வெள்ளம் இன்றும் பேசப்படுகிறது. இப்போது அந்த விகாரையில் அவருடைய சிலைகள் இருக்கின்றன. பாடகி விரும்பிய வண்ண உடைகளையும் ஒப்பனைப் பொருள்களையும் காணிக்கையாக வைத்து, லாட்டரியில் விழும் எண்ணைக் கேட்டு வேண்டுகிறார்கள். ஜூன் மாதம் நினைவு விழா நடக்கிறது. ஏழையாகப் பிறந்து ஏழைகளுக்காகப் பாடியவர் தங்கள் கஷ்டத்தை அறிவார் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாய்லாந்துப் பாடகர்களைப் பற்றித் தேடினால் சுபன்புரி என்ற ஊர்ப்பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே மாகாணத்திலிருந்து இத்தனை பேர் எப்படி? (வாசகர், கும்பகோணம்)

நல்ல கவனிப்பு. சுரபோன், பும்புவாங்கின் ஆசான் வைபோட், அங்கேயே வளர்ந்த பும்புவாங், 'காரபாவ்' குழுவின் தலைவர் ஏட், 'பாடிஸ்லாம்' ராக் குழுவின் பாடகர் தூன் என்று ஐந்து பேரை உடனே சொல்லிவிடலாம். இவர்களில் தூன், ஏட்டின் உறவினரும்கூட.

காரணம் அந்த மண்ணின் பாட்டு மரபில் இருக்கிறது. பாங்காக்குக்கு வடமேற்கே, தா சின் ஆற்றங்கரையில், நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி அது. அறுவடைக் காலத்தில் ஆண்களும் பெண்களும் இரு அணியாகப் பிரிந்து, ஒருவர் கேட்க மற்றவர் மடக்க, அந்தக் கணத்திலேயே வரி கட்டிப் பாடும் வழக்கம் தாய்லாந்தின் நடுப்பகுதி முழுவதும் இருந்தது. சுபன்புரிக்கே உரிய வகை 'ஈசேவ்' எனப்படும். மற்ற வகைகளைவிட விரைவானது. தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், எதுகை பிசகக் கூடாது, எதிராளியின் கேலிக்கு அடுத்த வரியிலேயே விடை வர வேண்டும். அந்தப் பயிற்சியில் தேறிய குவான்சிட் சீபிரச்சன் என்ற அம்மையார் 'லூக் துங்' பாடகியாகவும் புகழ்பெற்றுப் பின் தேசியக் கலைஞர் விருது பெற்றார்.

இரண்டாவது ஊற்று விகாரை. புத்தரின் முற்பிறவியைச் சொல்லும் வெசந்தர சாதகக் கதையை ஆண்டுதோறும் பதின்மூன்று பகுதிகளாக ஓதும் விழா தாய்லாந்து முழுவதும் உண்டு. அதையொட்டி வளர்ந்த 'லே' என்ற பாட்டு முறையில், ஒரே மூச்சில் நீண்ட எதுகை வரிகளைச் சொல்லோட்டமாகப் பாடுவார்கள். வைபோட் அதில் வல்லவர். 'லூக் துங்' மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். குரலை எங்கே நெளிப்பது, எங்கே மூச்சைத் தேக்குவது என்பதை இந்த மாகாணத்துப் பிள்ளைகள் வயலிலும் விகாரையிலும் கேட்டே கற்றுவிடுகிறார்கள்.

'மோலாம்' என்பதும் 'லூக் துங்' போன்றதுதானா? அது லாவோஸ் நாட்டுப் பாட்டு என்றும் சொல்கிறார்களே? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டும் வேறு. 'மோலாம்' ஈசான் பகுதியின், லாவோ மொழி பேசும் மக்களின் பாட்டு. மேகோங் ஆற்றின் இரு கரையிலும் ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே பாட்டு. அரசியல் எல்லை பிற்காலத்தில் வந்தது. ஆகவே இரு நாட்டுக்கும் அது சொந்தம்.

அதன் உயிர் 'கேன்' என்ற கருவி. மூங்கில் குழல்களை இரண்டு வரிசையாகச் சேர்த்துக் கட்டி, நடுவில் உள்ள மரக் குடத்தில் வாய் வைத்து ஊதுவார்கள். பெரும்பாலும் பதினாறு குழல்கள். ஒவ்வொரு குழலிலும் மெல்லிய உலோக நாக்கு இருப்பதால் மூச்சை விட்டாலும் இழுத்தாலும் ஒலி வரும். அதனால் பாட்டுக்கு நடுவில் இசை அறுபடுவதே இல்லை. பழைய முறையில் ஒரு பாடகர், ஒரு பாடகி, ஆளுக்கொரு கேன் கலைஞர், அவ்வளவே குழு. புராணம், புவியியல், காதல், நையாண்டி என்று எல்லாவற்றிலும் ஒருவரை ஒருவர் சோதித்து, இரவு தொடங்கி விடியும் வரை பாடுவார்கள். நூற்றுக்கணக்கான செய்யுள்களை மனப்பாடமாக வைத்திருந்தால்தான் மேடையில் நிற்க முடியும்.

இந்தக் கேன் இசையை 1865-இல் அரசர் மோங்குட் ஓர் ஆணை வெளியிட்டுத் தடுக்க முயன்றார். தலைநகர மக்கள் தங்கள் சொந்தக் கலைகளை மறந்து லாவோ பாட்டுக்கு மயங்குகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். அந்தப் பாட்டு ஒலிக்கும் ஊர்களில் மழை குறைகிறது என்றும் அந்த ஆணை கூறியது. அவருடைய தம்பியும் இணை அரசருமான பின்கிளாவ் கேன் வாசிப்பதில் பெரும் பிரியர் என்பதையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. ஈசான் மக்களையும் அவர்கள் மொழியையும் பாங்காக் இளக்காரமாகப் பார்ப்பது அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. ஆகவேதான் 'மோலாம்' பாடகர்கள் தொலைக்காட்சியில் தங்கள் மொழியிலேயே பாடியது அந்த மக்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

வியட்நாம் போர்க் காலத்தில் உடோன், உபோன், கோராட் ஆகிய ஊர்களில் அமெரிக்க விமானத் தளங்கள் அமைந்தபோது, மின்சாரக் கிட்டாரும் டிரம்சும் ஈசானுக்குள் வந்தன. 'பின்' என்ற உள்ளூர்த் தந்திக் கருவிக்கும் மின் இணைப்பு கொடுக்கப்பட்டது. அந்தச் சேர்க்கையில் பிறந்த 1970-களின் பதிவுகள்தான் இன்று உலகம் தேடிக் கேட்கும் பழைய 'மோலாம்'. உபோன் ராட்சதானியின் பான்யென் ரக்கேன், மரபுப் பாட்டையும் நவீன மேடையையும் ஒன்றாகக் கையாண்ட பெரும் பாடகி. 1980-களின் இறுதியில் கோன்கேன் நகரின் ராத்ரி சிவிலை, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் பழைய போட்டிப் பாட்டைப் பல மடங்கு விரைவாக்கி, டிரம்ஸ் முழங்க 'லாம் சிங்' என்ற வகையை உருவாக்கினார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் 'மோலாம்' மேடையை விட்டு விலகாமல் இருந்ததற்கு அந்த வகையே பெருங்காரணம் என்பது என் கருத்து.

தாய்லாந்து மொழியில் ஒரே சொல்லை வேறு சுருதியில் சொன்னால் பொருள் மாறிவிடும் என்கிறார்கள். அப்படியானால் அதில் மெட்டு போடுவது எப்படி? (இசை மாணவி, சென்னை)

நீங்கள் இசை பயில்பவர் என்பதால் இதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உண்டு: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். 'காவ்' என்ற ஒலியைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் செய்தி. மேலிருந்து இறக்கினால் அரிசி. கீழிருந்து ஏற்றினால் வெள்ளை. அப்படியிருக்க, மெட்டு மேலே போகும் இடத்தில் தாழ்ந்த தொனிச் சொல் வந்தால் கேட்பவர் தடுமாறுவார்.

ஆகவே பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தொடக்கத்திலிருந்தே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. பல சமயம் இருவரும் ஒரே ஆள். அடுத்தடுத்த இரண்டு அசைகளில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற உறவை மெட்டும் பெரும்பாலும் காப்பாற்றும். அப்படியும் பொருந்தாத இடத்தில் பாடகர் தன் குரலால் சரிசெய்கிறார்: ஸ்வரத்துக்குக் கீழிருந்து தொடங்கி வழுக்கி மேலே வந்து நிற்பார், அல்லது மேலே தொட்டுவிட்டுக் கீழே இறங்குவார். நம் காதுக்கு அலங்காரமாகக் கேட்கும் அந்த வழுக்கலில் பாதி, சொல்லின் பொருளைக் காக்கும் வேலை. 'லூக் துங்' பாடகர்கள் இதில் மிகக் கண்டிப்பானவர்கள். மேற்கத்திய பாணிப் பாப் பாடல்களில் இந்தக் கண்டிப்பு தளர்வதுண்டு; அங்கே பொருளைச் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறார்கள்.

பும்புவாங்கின் ஒரு பாடலை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு அசையின் தொடக்கத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். நேராக ஸ்வரத்தில் வந்து இறங்கும் அசைகள் எவ்வளவு குறைவு என்பது புரியும்.

தாய்லாந்தில் அரசியல் பாட்டுகள் உண்டா? அங்கே பாடகர்கள் ஆட்சியை எதிர்த்துப் பாட முடியுமா? (வாசகர், மதுரை)

பாடியிருக்கிறார்கள், அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1973 அக்டோபர் 14 அன்று மாணவர் எழுச்சி இராணுவ ஆட்சியை வீழ்த்திய காலத்தில் பிறந்தது 'வாழ்க்கைக்கான பாட்டு' என்ற வகை. சுரச்சை சந்திமாதோன் முன்னின்று நடத்திய 'காரவான்' குழு, கிட்டாரும் நாட்டுப்புற வாத்தியங்களுமாக உழவனையும் எருமையையும் பாடியது. 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்ட பிறகு, அந்தக் குழுவினர் காட்டுக்குள் தப்பி, கம்யூனிஸ்டுப் படையினரோடு சில ஆண்டுகள் இருந்து, பொது மன்னிப்புக்குப் பிறகே திரும்பினார்கள். அவர்களுக்கும் முன்னோடி சிட் பூமிசக். 1966-இல் கொல்லப்பட்ட அந்த அறிஞர் சிறையில் எழுதிய 'நம்பிக்கையின் விண்மீன் ஒளி' என்ற பாடலை 2020-இல் தெருவுக்கு வந்த மாணவர்களும் பாடினார்கள்.

1980-களில் இந்த வகையை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது 'காரபாவ்'. பிலிப்பைன்சில் படித்த ஏட்டும் நண்பர்களும் தொடங்கிய குழு. எருமைத் தலை அதன் சின்னம். 1984-இல் வந்த 'மேட் இன் தாய்லாந்து' தொகுப்பு விற்பனையில் வரலாறு படைத்தது. உள்ளூரில் செய்த பொருளுக்கு வெளிநாட்டு முத்திரை குத்தினால்தான் வாங்குவேன் என்னும் மனப்போக்கைக் கடிந்த அந்தப் பாட்டை, உள்நாட்டுப் பொருளை வாங்கச் சொல்லும் பிரசாரத்துக்கு அரசே பயன்படுத்திக்கொண்டது. பின்னாளில் அதே பெயரில் ஊக்கபானத் தொழிலும் தொடங்கி ஏட் பெருஞ்செல்வரானார். பழைய ரசிகர்கள் சிலருக்கு அதில் மனக்குறை உண்டு. அவருடைய தொடக்ககாலப் பாடல்களின் வலிமை அதனால் குறைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

2018 அக்டோபரில், இராணுவ ஆட்சியின்போது, 'ரேப் அகெயின்ஸ்ட் டிக்டேட்டர்ஷிப்' என்ற இளைஞர் குழு, நாட்டின் அவலங்களை வரிசையாகச் சொல்லும் ராப் பாடலை வெளியிட்டது. காணொளியின் பின்னணியில் 1976 படுகொலையின் காட்சி ஒன்று மறுபடி நடித்துக் காட்டப்பட்டது. வழக்குத் தொடரப் போவதாகக் காவல்துறை எச்சரித்ததுமே, அதைப் பார்ப்பவர்கள் பல மடங்கு பெருகினார்கள். மறு ஆண்டு அந்தக் குழுவுக்கு, செக் எழுத்தாளரும் அதிபருமாக இருந்த வாட்ஸ்லாவ் ஹாவெல் பெயரிலான உலக விருது கிடைத்தது.

தாய்லாந்து அரசர் ஒருவர் ஜாஸ் இசையமைத்தார் என்பது உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. 2016-இல் மறைந்த அரசர் பூமிபோல் சாக்ஸபோன் வாசிப்பார். 1946-இல் அமைத்த 'மெழுகுவத்தி வெளிச்சம்' என்ற ப்ளூஸ் பாட்டில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. அவருடைய புத்தாண்டு வாழ்த்துப் பாட்டு இன்றும் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கும் ஒலிக்கிறது.

'தூம்' இந்திப் படத்தில் ஆங்கிலத்தில் பாடி ஆடியவர் தாய்லாந்துப் பாடகியா? (வாசகி, பெங்களூரு)

ஆம், டாட்டா யங். தாய்லாந்துத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். 1995-இல், பதினான்கு வயதில் வெளியிட்ட முதல் தொகுப்பே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 2004-இல் ஆங்கிலத் தொகுப்பு வெளியிட்டு ஆசிய நாடுகளில் அறிமுகமான அதே ஆண்டில்தான் 'தூம்' பாடலும் வந்தது. இந்தியாவில் நம்மில் பலர் பெயர் தெரியாமலே ரசித்த முதல் தாய்லாந்துப் பாடகி அவராகத்தான் இருப்பார்.

பழைய தாய்லாந்துப் பாட்டுகளில் இந்தி சினிமா மெட்டு கேட்பது போல எனக்குத் தோன்றுகிறது. என் பிரமையா? (வாசகர், புதுச்சேரி)

பிரமை இல்லை. 1950-களிலிருந்து இந்தித் திரைப்படங்கள் தாய்லாந்துத் திரையரங்குகளில் நன்றாக ஓடின. அவற்றின் மெட்டுகளைக் கேட்டு, தங்கள் சொற்களை அமைத்துக்கொண்ட 'லூக் துங்' பாடலாசிரியர்கள் பலர். இந்திய, மலாய், சீன, லத்தீன் அமெரிக்கத் தாளங்கள் எல்லாம் அந்த இசைக்குள் கலந்தன.

இன்றைய இளைஞர்கள் 'டி-பாப்' என்னும் தாய்லாந்துப் பாப் இசை கேட்கிறார்கள். பழைய கிராமத்துப் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா? (வாசகர், ஈரோடு)

நகரத்து இளைஞர் இசைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1969 முதல் நடந்த இசைக்குழுப் போட்டிகளில் மூன்று முறை வென்ற 'தி இம்பாசிபிள்ஸ்' அதன் தொடக்கம். 1983-இல் பைபூன் தம்ரோங்சைதமும் இசைக்கலைஞர் ரேவாட் புத்தினனும் தொடங்கிய 'கிராமி' நிறுவனம் அதைப் பெருந்தொழிலாக்கியது. அங்கிருந்து 1986-இல் புறப்பட்ட தோங்சாய் மெக்கின்டயர், 'பேர்ட்' என்ற செல்லப்பெயரோடு, நாற்பது ஆண்டுகளாக நாட்டின் முதல் நட்சத்திரமாக நிற்கிறார். 1994-இல் 'பேக்கரி மியூசிக்' என்ற சிறு நிறுவனமும் 'மாடர்ன் டாக்' குழுவும் மாற்று இசைக்குக் கதவு திறந்தன.

கிராமத்துப் பாட்டின் நிலையை அறிய இரண்டு பாடல்கள் போதும். 2002-இல் பேர்ட் தன் 'ரப் கேக்' தொகுப்பில் ரோய் எட் மாகாணத்தின் 'மோலாம்' பாடகி சின்தரா பூன்லாப்பை அழைத்துச் சேர்ந்து பாடினார். நகரத்தின் உச்ச நட்சத்திரம் ஈசான் பாடகிக்கு ஈடு கொடுத்துப் பாட, நாடே அதை முணுமுணுத்தது. அதே ஆண்டில் உபோன் ராட்சதானியின் டாய் ஓரதை, 'சிமென்ட் காட்டில் ஒரு புல்லின் பூ' என்று பொருள்படும் பாடலோடு அறிமுகமானார். எழுதியவர் சலா குணவுட், முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியர். பழைய ஜீன்ஸ், 199 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைச் சட்டை, ஒரே ஒரு பையோடு பாங்காக்கில் வந்து இறங்கும் ஒரு பெண். பட்டம் பெறும் கனவை மட்டும் அவள் விடவில்லை. சட்டையின் விலையைச் சொல்லிவிட்டதால், அவள் யார் என்று வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தன் மாணவிகளில் எத்தனையோ பேர் அப்படிப் புறப்பட்டுப் போவதைக் கண்ட ஓர் ஆசிரியரால்தான் அந்த வரியை எழுத முடியும்.

இப்போதைய தலைமுறையும் அந்த மண்ணை விடவில்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் ராப் பாடகி மில்லி மாம்பழமும் ஒட்டரிசியும் சாப்பிட்டுக் காட்டியதும், தாய்லாந்தில் அந்தத் தின்பண்டத்துக்கு அலைமோதினார்கள். டெக்சாஸின் 'குருவங்பின்' என்ற அமெரிக்கக் குழு, பழைய தாய்லாந்துப் பதிவுகளைக் கேட்டுத் தன் பாணியை அமைத்துக்கொண்டதை வெளிப்படையாகவே சொல்கிறது. 'பாடிஸ்லாம்' தூன் 2017-இல் தெற்கே பேத்தோங் முதல் வடக்கே மே சாய் வரை 2,191 கிலோமீட்டர் ஓடி, பதினொரு மருத்துவமனைகளுக்காக நூறு கோடி பாட் பணத்துக்கு மேல் திரட்டினார். வழியெங்கும் சாலையோரத்தில் நின்று பத்தும் இருபதுமாகக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே கிராமத்து மக்கள்தான்.

நான் எல்லைக்கு அருகே இருக்கிறேன். ஒரு 'மோலாம்' நிகழ்ச்சியை நேரில் பார்க்க எப்போது, எங்கே போக வேண்டும்? (வாசகி, பினாங்கு)

அறுவடை முடிந்த பிறகு, நவம்பர் தொடங்கி மழைக்காலம் பிடிக்கும் வரை போகலாம். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பௌத்த மழைக்கால விரதத்தின்போது பெருங்குழுக்கள் நிகழ்ச்சி நடத்துவதில்லை. அடுத்த பருவத்துக்கான ஒத்திகையில் இருப்பார்கள். கோன்கேன், உடோன், உபோன் ஆகிய ஊர்களைச் சுற்றிய கிராமங்களில் தேடுங்கள். 'பிரதோம் பந்தேங் சின்', 'ரபியப் வாதசின்', 'சாவ் நோய் பெட் பான்பேங்' போன்ற குழுக்கள் தங்கள் நிகழ்ச்சி அட்டவணையை முகநூலில் முன்கூட்டியே வெளியிடுகின்றன. ஒரு குடும்பமோ கோயிலோ அழைத்து நடத்தும் நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை. திடலைச் சுற்றித் துணி கட்டியிருந்தால் நுழைவாயிலில் சீட்டு வாங்க வேண்டும். இரவு ஒன்பது மணியளவில் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும் என்பதால், உட்காருவதற்கு ஒரு பாயும் குளிருக்கு ஒரு போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சில மணி நேரம் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகுதான் கதை நாடகமும் மரபுப் பாட்டும் வரும், ஆகவே பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். பாடகருக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால், திடலிலேயே விற்கும் மாலையை வாங்கி, அதில் பணத்தாளைக் குத்தி, மேடையருகே சென்று நீட்டுங்கள். அவர் பாடிக்கொண்டே குனிந்து வாங்கிக்கொள்வார்.